பகலிலும் விளக்குப் போட்டவர்

கேப்டன் வேலுச்சாமி மாமாவைப் பற்றி நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் உள்ளபடி எழுதப் போகிறேன். அவர்களைத் தெரியாதவர்களுக்காகவும், தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை கணக்குப் பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது பள்ளி வாசலில் அம்மா நின்றார். அம்மா பள்ளிக்கு வருவதே இல்லை. "மாமா போயிட்டாவ" என்றார். காலையில் நெஞ்சு வலித்திருக்கிறது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

மாமா எங்களுக்குச் சொந்தமில்லை, எதிர்வீடு. ஊருக்கு வெளியே கரிசல் காட்டின் நடுவில் ஒரு தீப்பெட்டி ஆலை முதலாளிக்கு ஓடுதளம் இருக்கிறது. அவருடைய சின்ன விமானத்தை மாமா ஓட்டினார்கள். நாலு பேர் உட்காரலாம். அங்கே கொட்டகையில் டெலிபோனைப் பார்த்துக்கொள்பவர் என் அப்பா.

குடிவந்த புதிதில் தெரு அவர்களை அறிந்தது ஸ்கூட்டரால்தான். பட்டப்பகலிலும் முன்விளக்கை எரியவிட்டுக்கொண்டு போவார்கள். எதிரே வருகிறவர்கள் கையை உயர்த்தி விரல்களை மூடி மூடித் திறந்து, விளக்கு எரிகிறது என்று சைகை காட்டுவார்கள். மாமாவும் கையை உயர்த்திச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். முக்குக் கடை டீ மாஸ்டர் ஒருநாள் நிறுத்தியே கேட்டார்.

"அண்ணாச்சி, பேட்டரி என்ன சும்மாவா வருது?"

"நான் உம்மைப் பாக்குதேன். நீரு என்னைப் பாத்தீரான்னு எனக்கு எப்படித் தெரியும்? இப்போ பாத்துட்டீருல்லா" என்றார்கள் மாமா.

விமானத்திலும் அப்படித்தான். வெயில் கொளுத்தும்போதும், தரையிறங்கும்போது போடுகிற முன்விளக்கு எரியும். கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் தூத்துக்குடி விமான நிலையத்துக்குப் போன் போட்டு, பயணிகள் விமானம் எங்கே வருகிறது என்று அப்பாவைக் கேட்கச் சொல்வார்கள். முதலாளிக்கு அது பிடிக்காது. "ஆகாசம் இம்புட்டுப் பெரிசு. ரெண்டு பிளேனுக்கு இடமில்லையா?" என்பாராம். "இடமிருக்கு. ஆனா ரெண்டு பேரும் ஒரே மேகத்துக்கு அடியிலதான வருதோம்" என்று மாமா பதில் சொன்னதை அப்பா வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார்.

பிறகு எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. கலசத்தில் நீர் ஊற்றும் நேரத்தில் விமானத்திலிருந்து ரோஜா இதழ்களைத் தூவ ஏற்பாடு. தர்மகர்த்தா பலசரக்கு மொத்த வியாபாரி. பூச்சாக்குகளோடு தாமே பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். விமானம் கிளம்புவதைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து நானும் அப்பாவோடு ஓடுதளத்துக்குப் போயிருந்தேன். அதனால் அன்று நடந்தது எனக்குத் தெரியும்.

மேகம் கோபுரத்தை இடிப்பதுபோலத் தாழ இறங்கியிருந்தது. விமானத்தின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா போனை வைத்துவிட்டு ஓடிவந்தார். "தூத்துக்குடிப் பிளேன் லேட்டாம் கேப்டன். மதுரையத் தாண்டிட்டாம். தூத்துக்குடிக்கு இன்னும் வரலையாம்."

அப்படியானால் நடுவில் இருப்பது நாங்கள்தான். மாமா ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இரைச்சல் மட்டும் கேட்டது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

சாலை நெடுகக் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் மந்திரம் கேட்டது. தர்மகர்த்தா பதறினார். "தண்ணி ஊத்தப் போறாவ கேப்டன். கருடனே வந்து வட்டம் போட்டுட்டாம். நீரு இன்னும் தரையில இருக்கீரு."

"கருடனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும் அண்ணாச்சி. எனக்கு மேகத்துக்கு அந்தப் பக்கம் தெரியாது."

"முகூர்த்தம் போனா வருமாய்யா? ஊருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"என்னைக் கைகாட்டுங்க" என்றார்கள் மாமா.

அப்போது வடக்கே மேகத்தைப் பிய்த்துக்கொண்டு பயணிகள் விமானம் இறங்கி வந்தது. அவ்வளவு தாழ்வாக அதை நான் பார்த்ததே இல்லை, ஜன்னல்கள் தெரிந்தன. நேராகக் கோயில் பக்கம் போயிற்று. ஒலிபெருக்கியில், "பூமாரி பொழிய இதோ விமானம் வந்துவிட்டது" என்ற அறிவிப்பும் அதைத் தொடர்ந்து குலவைச் சத்தமும் கேட்டன. கோயிலில் ஊரே கைகூப்பி நின்றதாம். ஒரு இதழ்கூட விழவில்லை. விமானம் தூத்துக்குடிக்குப் போய்விட்டது.

அது இறங்கிய செய்தி வந்ததும் மாமா கிளம்பினார்கள். அதற்குள் முகூர்த்தம் முடிந்திருந்தது; பூ அன்னதானப் பந்தியில் விழுந்தது. சாம்பார் வாளியிலும் விழுந்தது. அன்றிலிருந்து மாமாவுக்குச் சாம்பார் கேப்டன் என்று பெயர். இன்ஜின் கிளம்பவில்லை என்று சிலரும், பைலட் பயந்துவிட்டார் என்று சிலரும் சொன்னார்கள். தர்மகர்த்தா எதையும் மறுக்கவில்லை. முதலாளி வாரக்கணக்கில் மாமாவோடு பேசவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "உள்ளதைச் சொல்ல வேண்டியதுதான மாமா?" என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்ல? ஒண்ணும் நடக்கலையே. அந்தப் பிளேன்ல வந்தவிய இறங்கி அவிய அவிய வீட்டுக்குப் போயிருப்பாவ. போயி, வெயில் அதிகம்னு புலம்பிருப்பாவ. அது போதும்" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை துக்க வீட்டில் பந்தலுக்குக் கீழே இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "கும்பாபிஷேகத்தன்னைக்கு இன்ஜின் கிளம்பாமப் போச்சே, அந்தக் கேப்டன்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாலையோடு வந்த தர்மகர்த்தா அவர் முன்னால் நின்றார்.

"இன்ஜின் ஓடிக்கிட்டுத்தான்யா இருந்துச்சு. நான் உள்ள இருந்தேன்" என்றார். "எதிர்ல ஒரு பிளேன் நிறைய சனம் வந்துச்சு. அதுக்காக இந்த மனுசன் கிளம்பாம இருந்தாரு. எங்க ரெண்டு பேரு உயிரும் அதுலதான் தங்குச்சு. நான் இத்தனை நாள் வாயத் திறக்கல."

அத்தை, மாமாவின் மனைவி, உள்ளே இருந்து எழுந்து வந்து நிலைப்படியில் நின்று கேட்டார்.

மாமாவை எடுத்தபோது அப்பா அவர்களுடைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போனார். முன்விளக்கைப் போட்டிருந்தார். நல்ல வெயில். முக்கில் டீ மாஸ்டர் பழக்கத்தில் கையை உயர்த்தி விரல்களை மூடித் திறந்தார். பின்னால் வந்த வண்டியைப் பார்த்ததும் அந்தக் கையோடு மற்றக் கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

போய்வாருங்கள் மாமா. உங்களை எல்லோரும் பார்த்துவிட்டோம்.

பொழுது சாயும் நேரத்தில் அப்பா திரும்பி வந்து ஸ்கூட்டரை அத்தை வீட்டு வாசலில் நிறுத்தினார். விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அத்தை தலையசைத்த பிறகு அதை அணைத்தார்.