புளி போட்டுத் தேய்த்த தாமரைக் காசு

நான் செய்த அயோக்கியத்தனங்களில் யோசித்துத் திட்டம் போட்டுச் செய்தது இது ஒன்றுதான். அதனால் ஒரு வரிகூட மறக்கவில்லை.

ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. கீறல் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் ஞாயிற்றுக்கிழமையும் லென்ஸைக் கீழே வைக்க மாட்டான். வீட்டில் பழைய சில்லறைக் காசுகளை வைத்துக்கொண்டு, ஆண்டுக்குக் கீழே இருக்கும் பொடிக் குறியைப் பார்ப்பேன். வைரக் குறி என்றால் பம்பாயில் அடித்தது, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், ஒன்றும் இல்லையென்றால் கல்கத்தா. தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசாவில், ஒரே ஒரு ஆண்டின் நட்சத்திரக் காசு மட்டும் என்னிடம் இல்லை. பன்னிரண்டு வருடம் அதற்காக அலைந்தேன்.

அது அவனுக்குக் கிடைத்தது. எங்கள் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவன், சூளகிரிப் பக்கத்துக் கூலிக் குடும்பம். இந்தப் பைத்தியத்தை அவனுக்குத் தொற்றவைத்ததே நான்தான். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டு மணியும் பழைய பித்தளையும் சாக்கில் பரப்பியிருந்த ஒருவரிடம் அவன் அதைப் பொறுக்கி எடுத்தான். அதே சாக்கைத் தாண்டிப் போய் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. எனக்குக் கொடுத்துவிடு என்று கேட்டேன்.

"இல்லணா. பெங்களூர்ல ஒரு டீலர் போட்டோ பாத்துட்டு எடுத்துட்டு வரச் சொல்லிட்டாரு. இதையும் டப்பால சேத்து வெச்ச மத்த காசையும் குடுத்துட்டு சந்தைல ஒரு கடை போட்டுக்குவன். மிஷின் சத்தத்துல எடது காது அடைச்சே போச்சு. வேலைய விட்டுடுனு டாக்டர் சொல்றாரு."

நியாயமான காரணம். அதுதான் என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"இப்படி அழுக்கோட கொண்டுபோனா எவன்டா மதிப்பான்? சாமிக்கு வெக்கற காசாட்டம் புளி போட்டுத் தேய்."

அந்தக் காசில் தங்கம் கலந்திருக்கிறது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. லட்சுமி படத்தின் முன் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்ப்பார்கள். அதனால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. சேகரிப்பவர்களுக்கு அதன் மேல் படிந்த பழுப்புதான் உயிர், தேய்த்துவிட்டால் காசு செத்தது. அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு அவனோடு நானும் பெங்களூர் பஸ் ஏறினேன். வேடிக்கை பார்க்கத்தான். டீலர் டப்பாவைத் திறந்ததும் உள்ளே இருந்த அத்தனை காசும் மின்னியது. நான் ஒன்றைத்தான் கெடுக்க நினைத்திருந்தேன்.

"ஒண்ண மட்டும் தேச்சா மத்ததெல்லாம் மங்கலா தெரிஞ்சுதுணா. நானும் வூட்ல அவளும் ரெண்டு நாளா உக்காந்து எல்லாத்தையும் தேச்சிட்டம்," என்றான் என்னிடம் பெருமையாக.

டீலர் இரண்டு காசைத் திருப்பிப் பார்த்துவிட்டு டப்பாவை மூடினார். "தேச்ச காச எவனும் வாங்க மாட்டான்பா. எடைக்குப் போடு. யாரு இப்படிச் செய்யச் சொன்னது?" அவன் வாயைத் திறப்பதற்குள் நான் பக்கத்து மேசைக்கு நகர்ந்துவிட்டேன்.

திரும்பி வரும் பஸ் அத்திப்பள்ளி தாண்டியது. அவன் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்.

"உன் ஆல்பத்துல இருக்கற காசு ஒண்ணுகூட பளபளனு இல்லியேணா?"

வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. எனக்குக் கிடைக்காதது அவனுக்கும் இல்லாமல் போனதில் ஒரு நிம்மதி இருந்தது. "ஓசூர் வந்துடுச்சு, எந்திரி," என்றேன்.

மூன்று வருடமாகிறது. அவன் இன்னும் அதே மிஷினில்தான் நிற்கிறான். இப்போது வலது காதும் போய்விட்டது. யாராவது கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொட வேண்டும். போன மாதம் ஒருநாள் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "என்ன மன்னிச்சிடுடா," என்றேன். அவன் காதில் விழாது என்று தெரிந்துதான் சொன்னேன்.