நான் மறைப்பாக நின்ற ஆட்டம்

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் உதைபந்தாட்டத்துக்கு மத்தியஸ்தராகப் போவதற்கு ஹம்பேர்க்கில் யாருக்கும் பெரிய விருப்பம் கிடையாது. கால் ஓடாது, வாய் ஓயாது. ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு வழக்கு. வாரநாட்களில் நான் பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறவள். வாயைத் திறந்தபடி இருக்கும் ஆட்களைச் சமாளித்துப் பழக்கம் என்பதால் என்னைத்தான் அனுப்புவார்கள்.

அன்று காலை தூறிக்கொண்டிருந்தது. ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளின் பெயர்களையும் சரிபார்த்துக்கொண்டு வந்தவள், ஒரு பெயரில் நின்றுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். நரைத்த தலை, கொஞ்சம் வயிறு. ஆனால் பக்கவாட்டில் விரிந்து நிற்கும் அந்தக் காதுகளை எனக்கு ஒன்பது வயதிலிருந்தே தெரியும். எங்கள் வீட்டில் அவருக்குக் 'காதன்' என்றுதான் பெயர்.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம் அது. சனிக்கிழமை ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் அவர் ஜேர்மன் பழகினார். அப்போதுதான் இந்த ருமேனியரைக் கண்டுபிடித்தார். அவர் ஆடியது பெரிய அணியில் இல்லை, எங்கள் ஊர் அணியிலும் இல்லை. நடுக்களத்தில் ஆடுகிறவர் என்பதால் கோல் அடிப்பதும் அபூர்வம். "எல்லாரும் பந்தைப் பாக்கிறாங்கள், இவன் ஆக்களைப் பாக்கிறான்" என்று அப்பா சொல்வார். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

உடை மாற்றும் அறைக்குள் போய் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அப்பா, காதன் இஞ்சை நிக்கிறார். விளையாடப் போறார்."

"எந்தக் காதன்?"

"உங்கடை ருமேனியாக் காதன்."

"விசர்க் கதை கதையாதை." அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்த பஸ்ஸிலை வரவேணும்?" என்றார்.

மத்தியஸ்தர் பந்தின் வழியில் நிற்கக்கூடாது. அதுதான் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது. இந்த வயதுக்காரர்களின் ஆட்டத்தில் அது சுலபம். பந்தை உதைக்கப் போகிற திசையை அவர்களுடைய முகமே சொல்லிவிடும். அன்று அப்படி நடக்கவில்லை.

முதலில் அவர் நடந்துகொண்டிருந்தார். வழிதெரியாமல் மைதானத்துக்குள் வந்துவிட்ட ஒருவரைப் போல, அங்குமிங்கும் பார்த்தபடி நடந்தார். பந்து வந்ததும் ஒரே தொடுகையில் அனுப்பிவிட்டு மறுபடி நடந்தார். திடீரென்று அவர் அனுப்பிய பந்து ஒன்று என் சப்பாத்தை உரசுகிற மாதிரி வந்தது. துள்ளி விலகினேன். திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் நின்ற தடுப்பாட்டக்காரர் அந்தப் பந்தைக் கண்டிருக்கவே இல்லை. நான் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பந்து அவரைத் தாண்டி, தனியே நின்ற ஒரு மொட்டைத்தலைக்காரரின் காலடியில் போய் நின்றது. அவருக்கு முன்னால் கோல் காப்பாளர் மட்டும்தான். அந்த மனிதர் தனக்குக் கிடைத்த பந்தைப் பார்த்துத் திகைத்துப்போய் அதை வானத்துக்கு அடித்தார்.

தற்செயல் என்று நினைத்து இடத்தை மாற்றினேன். மறுபடியும் என் இடுப்போரமாக ஒரு பந்து போனது. இம்முறை வேண்டுமென்றே காதனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இனி எப்படிச் செய்வார் பார்ப்போம் என்று ஒரு பிடிவாதம். அவர் திரும்பவேயில்லை. குதிக்காலால் ஒரு தட்டு. பந்து என் பக்கத்தால் உருண்டு, வெறுமையான புல்லை நோக்கிப் போனது. அந்த வெறுமைக்குள் எங்கிருந்தோ அவருடைய ஆள் ஒருவர் ஓடி வந்து சேர்ந்தார்.

தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கு மைதானம் மேலேயிருந்து தெரியும். உள்ளே நிற்கிறவர்களுக்கு அப்படி இல்லை. முதுகுகளும் கால்களும்தான் தெரியும், சந்தையின் நடுவில் நிற்பது போல. நான் எத்தனையோ வருடமாக அந்த நெரிசலுக்குள் நின்று விசில் ஊதுகிறவள். அதே நெரிசலுக்குள் நின்றுகொண்டு ஒருவர் மேலேயிருந்து பார்ப்பதைப் போல எல்லாவற்றையும் காண்கிறார் என்றால், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இடைவேளையில் தண்ணீர்ப் போத்தலோடு என்னிடம் வந்தார். நாங்கள் பேசியது ஜேர்மனில்தான், ஆனால் எனக்கு எல்லாம் என் பாஷையில்தான் நினைவிருக்கிறது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களை ஒரு மரம் மாதிரிப் பாவிச்சிட்டன்."

"தெரிஞ்சுதானோ செய்தனீங்கள்?"

"ஓம். மத்தியஸ்தரை ஒருத்தரும் காவல் காக்கிறதில்லை. அவரைப்போல நல்ல மறைப்பு மைதானத்திலை வேறை இல்லை."

அதற்குள் அப்பா வந்து மைதானத்தைச் சுற்றியிருந்த கம்பியோரம் குடையோடு நின்றார். மழை அங்கிக்குள் கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார்.

இரண்டாம் பாதி முடியும் தறுவாயில் அது நடந்தது. எதிரணிக்காரர் ஒருவர், நல்ல பருத்த மனிதர், ஈரப் புல்லில் சறுக்கிக்கொண்டு வந்து காதனுடைய காலை வாரிவிட்டார். அவர் பொத்தென்று விழுந்தார். விசிலை ஊதிக்கொண்டு ஓடினேன். வாரிய மனிதர் முழந்தாளில் இருந்து, "நான் பந்துக்குத்தான் வந்தனான்" என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பியோரம் குடை சரிந்து கிடந்தது.

விழுந்தவர் புல்லில் இருந்தபடி இடது முழங்காலை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். பிறகு எழும்பினார்.

"அவரை விடுங்கோ. அவர் பந்துக்குத்தான் வந்தவர். நான்தான் பிந்திப்போனன்."

"நீங்கள் விளையாடுங்கோ. அட்டை குடுக்கிறது என்ரை வேலை" என்று சொல்லி மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, சரி என்பது போலத் தலையை ஆட்டினார்.

ஆட்டம் முடிந்து சங்கத்தின் சிற்றுண்டிச்சாலைக்குள் போனோம். அப்பாவை அவரிடம் கூட்டிக்கொண்டு போனபோது கையொப்பம் கேட்பார் என்று நினைத்தேன். அப்பா கேட்கவில்லை. மேசையில் இருந்த சீனிப் பொட்டலங்களை எடுத்து, பழைய ஆட்டம் ஒன்றைக் காட்ட ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார். "இது நீங்கள். இது உங்கடை இடது முன்னாட்டக்காரன். நல்ல மழை. நீங்கள் வலப்பக்கம் பாத்துக்கொண்டு இடப்பக்கம் போட்ட பந்து. அவன் ஓடேல்லை."

அவர் கோப்பியைக் கீழே வைத்தார். ஒரு பொட்டலத்தை விரல்நுனியால் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினார். "அவன் இதிலை நிண்டவன்."

"ஓம், இதிலை" என்றார் அப்பா. "ஓடியிருந்தால் கோல்."

"கோல்தான். அடுத்த நாள் பேப்பரிலை அதைப் பிழையான பந்து எண்டு எழுதினவை."

"எங்கடை வீட்டிலை அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் சிரிக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் தன் கதையைச் சொன்னார். தன்யூப் ஆற்றங்கரையில் ஒரு சிறிய நகரம். அவருடைய அப்பா கப்பல் கட்டும் தளத்தில் இரும்பு ஒட்டுகிறவர், மகன் அந்தத் தளத்தின் அணியில். ஆட்சி கவிழ்ந்து எல்லைகள் திறந்ததும், ஒரு பையோடு ரயிலேறி ஜேர்மனிக்கு வந்திருக்கிறார். பயிற்சியாளர் ஏசினாலும் புகழ்ந்தாலும் பாஷை தெரியாமல் ஒரே சிரிப்புத்தான் சிரித்தாராம். அப்போது அவர் பேர்போன ஓட்டக்காரர். மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பந்தோடு ஓடுவாராம். ருமேனிய நாட்டு அணிக்குக் கூப்பிட்டார்கள். அந்தச் சந்தோசம் அடங்கமுன் முழங்கால் போனது. வெட்டித் தைத்தார்கள், திரும்பவும் வெட்டினார்கள். வேகம் திரும்பி வரவேயில்லை.

"ஆஸ்பத்திரியிலை படுத்துக்கொண்டு ஆட்டங்களைப் பாத்தன். ஓட ஏலாதெண்டால் வேறை என்ன செய்யலாம்? ஆர் எங்கை போகப்போறான் எண்டு முதலே தெரிஞ்சால் ஓடத் தேவையில்லை. அதைத்தான் பழகினன். நீங்கள் தொலைக்காட்சியிலை பாத்தது அதுக்குப் பிறகு வந்த என்னைத்தான்."

இத்தனை காலமும் அப்பா வியந்த ஆட்டம், ஓட முடியாமல் போன ஒருவர் கட்டிலில் கிடந்து உருவாக்கியது. சாப்பாட்டு மேசையில் இருந்து அவருடைய ஆட்டத்தைப் பார்த்தபோது அந்தக் கால்களை நினைத்து ஒருநாளும் நாங்கள் கவலைப்பட்டதில்லை.

அவர் இப்போது மனைவியின் பூக்கடைக்கு மொத்தச் சந்தையில் பூ எடுத்துக் கொடுக்கிறார். வெளியே நின்ற அவருடைய வான் வண்டிக்குள் பூக்கள் நிறைந்த வாளிகள் அடுக்கியிருந்தன. எங்களிடம் விடைபெற்று ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். இடது கால் மட்டும் வெளியே நின்றது. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து, ஒரு பாரத்தைத் தூக்குவது போல அதைத் தூக்கி உள்ளே வைத்தார். அந்தக் காலால்தான் சற்று முன்னர் எனக்குப் பின்னால் ஆள் வரப்போகிற இடத்துக்குப் பந்தைத் திரும்பிப் பார்க்காமலே தட்டிவிட்டிருந்தார்.

"இந்தக் காலோடையோ விளையாடினவர்?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"ஓம் அப்பா."

அந்தக் குளிர்காலத்தில் அவருக்குச் செயற்கை முழங்கால் வைத்தார்கள். அதன் பிறகு அவர் மைதானத்தில் இறங்கவில்லை. அப்பா சில வெள்ளிக்கிழமைகளில் ரயிலேறி அந்தப் பூக்கடைக்குப் போய் வருகிறார். பூ வாங்குவதில்லை. பின்னறையில் இரண்டு பேரும் கோப்பி குடித்துக்கொண்டு, யாராவது வந்து கோப்பைகளை எடுக்கும் வரைக்கும் அவற்றையே ஆட்டக்காரர்களாக வைத்து மேசையில் பழைய ஆட்டங்களை ஆடிக்கொண்டிருப்பார்கள் என்று அவருடைய மனைவி என்னிடம் சொன்னார்.