உழுத வயலும் தம்பி எழுப்பிய கொம்பியூட்டரும்

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்தது ஏழு பேரை. நான் பெற்றவர்கள் நால்வர். மற்ற மூவரும் எங்கள் அம்மா கண்மூடியபோது என் கையில் விட்டுப்போன சகோதரங்கள். அந்த மூவரில் கடைசியானவர்தான் இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில் மாலையோடு படமாக இருக்கும் என் தம்பி. அம்மா போகும்போது அவருக்கு இரண்டு வயது, எனக்குப் பதினைந்து. தம்பி என்று நான் சொல்லும் இடத்திலெல்லாம் நீங்கள் பிள்ளை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பிறந்தது பாப்பாமோட்டையில். படித்தது அடம்பனில். பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கராக இருந்தார். சண்டைக் காலத்தில் நாங்கள் ஓடியபோது எல்லோரும் பானை, பாய், அரிசி என்று தூக்க, தம்பி சங்கத்துக் கணக்குக் கொப்பிகளை உரப்பையில் கட்டித் தூக்கினார். "உதைத் தின்னவே போறாய்?" என்று ஏசினேன். "ஆரும் கேப்பினம் அக்கா" என்றார். திரும்பி வந்தபோது கேட்கத்தான் செய்தார்கள். அவர் கலியாணம் செய்யவில்லை. என் வீட்டு விறாந்தையில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு பழைய கொம்பியூட்டர், அவ்வளவுதான் அவருடைய குடும்பம். ஒரு அரசாங்கக் கந்தோரில் கழித்து விட்ட மெசின் அது. ஓய்வு பெற்றபின் வயல் செய்கிறவர்களின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளராகி, கூட்டத்தில் பேசுவதையெல்லாம் அதில்தான் அடித்து வைத்தார்.

தம்பியின் குணத்தைச் சொல்ல இந்த வருடத்துச் சிறுபோகக் கதை ஒன்றே போதும். அதை விட்டால் மற்றதெல்லாம் வெறும் புகழ்ச்சி.

எங்கள் குளத்துத் தண்ணீர் மழையில்லாத சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் காணாது. ஒரு வருடம் மேல்வாய்க்கால் விதைக்கும், அடுத்த வருடம் கீழ்வாய்க்கால். என் வயல் மேல்வாய்க்காலில். போன வருடத்துக்கு முந்திய வருடம் நாங்கள் விதைத்தோம். போன வருடம் குளம் வற்றி ஒருவருமே விதைக்கவில்லை. அது கீழ்வாய்க்காலின் முறை, அது கழிந்தது, இந்த வருடம் எங்களுடையது என்று நான் எண்ணினேன். எண்ணியதோடு நிற்கவில்லை. யார் விதைப்பது என்று முடிவுசெய்யும் கூட்டத்துக்கு முன்னரே ட்ரக்டர் பிடித்து முதல் உழவும் உழுதுவிட்டேன். றோட்டோர வயல். பஸ்சில் போகிறவர்களும் பார்த்தார்கள்.

கீழ்வாய்க்கால்காரர் சும்மா இருப்பார்களா? அவர்களுக்காகப் பேசுகிற சிவலிங்கம் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்றார்.

"தண்ணி வராத வருசம் கணக்கில்லை எண்டு போன வருசம் தீர்மானம் எடுத்தம். செயலாளர் எழுதினவர்."

"எங்க எழுதியிருக்கு? காட்டு பாப்பம்" என்றேன் நான்.

காட்ட ஒன்றும் இருக்கவில்லை. மாரி வெள்ளத்தில் கூட்டக் கொப்பி ஊறி, பக்கமெல்லாம் ஒட்டிப் பணியாரமாய்ப் போயிருந்தது. மேசைக்கு மேலே இருந்ததால் கொம்பியூட்டரில் வெள்ளம் படவில்லை. ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு அது எழும்பவும் இல்லை. மன்னாரில் கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஐயா, இது செத்த சாமான். புதுசு வாங்குங்கோ" என்று திருப்பி அனுப்பியிருந்தார்.

சிவலிங்கம் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "அக்கா வயலை உழுதிட்டா. தம்பி மெசினைப் படுக்க வச்சிட்டார். நல்ல பொருத்தம்."

தம்பியின் முகம் கறுத்துப்போனது. நாற்பது வருடம் பிறர் எழுத்தைக் காத்த மனிதர். கூட்டத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை தம்பி நானாட்டானுக்குப் போய், அங்கே கொம்பியூட்டர் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவரைக் கண்டு, சுண்டுவிரல் அளவு பென் ட்ரைவ் ஒன்றோடு வந்தார். மெசினின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு சுளகு தூசி, இரண்டு பல்லி முட்டை. ரீச்சர் சொல்லிக் கொடுத்தபடி ஒரு சின்னத் தகட்டை எடுத்து அதன் பித்தளைப் பல்லைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்தார். மாட்டி அமத்தினார். காற்றாடி சுற்றியது.

ஆனாலும் பழைய விண்டோஸ் பாதி வழியில் நின்று நின்று அணைந்தது. அப்போதுதான் தம்பி பென்னைச் செருகினார். போனில் ரீச்சர் சொல்வது எனக்கும் கேட்டது.

"லினக்ஸ் ஐயா இது. பாரமில்லாதது, கிழட்டு மெசினும் தாங்கும். பென்னிலை இருந்தே எழும்பும். உள் டிஸ்கைத் தொடாதேங்கோ. 'போடவோ' எண்டு கேட்டால் அமத்திப்போடாதேங்கோ, உள்ளதெல்லாம் அழிஞ்சு போம். முதல் வேண்டியதைப் பென்னிலை கொப்பி எடுங்கோ."

கறுத்தத் திரையில் வெள்ளை எழுத்து மழை மாதிரி ஓடியது. பிறகு நீலமாய் ஒரு முகப்பு வந்தது. தம்பி நெற்றி வியர்வையைத் துடைக்காமல், போன வருடத்துக் கூட்டக் குறிப்பைத் தேடிப் பிடித்து, பென்னில் ஒரு கொப்பி எடுத்த பிறகே திறந்தார்.

தமிழ் வரவில்லை. அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். நான் மூச்சு விட்டேன். உண்மையைச் சொல்லவேண்டும், அது நிம்மதி மூச்சு.

ரீச்சர் விடவில்லை. "அது பழைய தமிழ் எழுத்தாலை அடிச்சது ஐயா. அந்த எழுத்து உங்கடை டிஸ்கிலேயே கிடக்கும். எடுத்து இதுக்குள்ளை போடுங்கோ."

போட்டார். குவியல் தமிழானது. தம்பி மெல்ல வாசித்தார். தண்ணீர் விடாத வருடம் முறையில் சேராது. அடுத்த சிறுபோகம் கீழ்வாய்க்காலுக்கே. வந்திருந்தோர் பெயர்களும் இருந்தன. என் பெயரும் இருந்தது. மறந்தேனோ, மறக்க விரும்பினேனோ, இன்றும் தெரியாது.

விறாந்தையில் நாங்கள் இருவர்தான். நான் சொன்னேன்: "மெசின் எழும்பேல்லை எண்டு சொல்லு. ஆருக்குத் தெரியப் போகுது?"

தம்பி மெசினின் பக்கத் தகட்டை எடுத்துத் திரும்பப் பூட்டினார்.

"உன்னை இடுப்பிலை வச்சு வளர்த்தனான். வயலை உழுதிட்டன். ஊர் சிரிக்கும்."

"ஓம் அக்கா, சிரிக்கும்" என்றார். அவ்வளவுதான்.

கூட்டத்தன்று திரை, பெட்டி, வயர் எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். கடதாசியில் எடுத்துப் போனால் நேற்று அடித்தது என்பார்கள் என்று, சனத்துக்கு முன்னாலேயே மெசினை எழுப்பினார். எழும்ப நேரம் எடுத்தது. "அண்ணை, வெத்திலை வச்சு அழைக்கவேணுமோ?" என்று ஒருவர் பகிடி விட்டார், ஒருவரும் சிரிக்கவில்லை. எழும்பியது. தம்பி வாசித்தார். என் பெயரையும் குரல் குறையாமல் வாசித்தார். மேல்வாய்க்கால்காரர் எழுந்து போனார்கள். அவர்களுக்கு முதல் நான் போனேன்.

அதன் பிறகுதான் லினக்ஸை நிலையாகப் போட்டார். ஊருக்கெல்லாம் கடிதம் அடித்துக் கொடுத்தார். என்னுடைய உழுத வயலில் புல் முளைத்தது. நான் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், தேத்தண்ணி வைத்தேன், பேசவில்லை. "அக்கா, குழம்பு நல்லாயிருக்கு" என்பார். நான் அடுப்பைப் பார்ப்பேன். சித்திரையில் தொடங்கியது ஆவணி வரை போனது.

ஆவணியில் ஒரு மத்தியானம் கதிரையில் இருந்தபடி, "அக்கா, நெஞ்சு நோகுது" என்றார். "எங்கையடா நோகுது?" என்றேன். அத்தனை மாதத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசியது அது. வைத்தியசாலைக்குப் போகும் வழியில் என் மடியில் போய்விட்டார்.

கேட்ட உடனே வாகனம் கொண்டு ஓடி வந்தவர் சிவலிங்கம். பாடையின் முன்பக்கத்தைத் தூக்கியவரும் அவரே. செத்தவீட்டில் மூன்று நாளும் உலை வைத்த அயலவர்களுக்கும், தூர இடங்களிலிருந்து வந்தவர்களுக்கும், வர முடியாமல் போனில் அழுதவர்களுக்கும், பந்தல் போட்ட மேல்வாய்க்கால் இளந்தாரிகளுக்கும், நானாட்டான் ரீச்சருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இந்த நினைவு மலருக்கு இதை நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் பேத்தி. விறாந்தையில் நான் தம்பியிடம் கேட்ட அந்த இடம் வந்ததும் அவளுடைய பேனை நின்றது. "அம்மம்மா, இது வேண்டாமே. சின்னத் தாத்தா இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே" என்றாள். ஓம், சொல்லவில்லை. என் மானத்தைத் தன்னோடு கொண்டு போய்விட்டார். அதனால்தான் நான் சொல்கிறேன். எனக்கு என் பெயர் மட்டுமே எழுதத் தெரியும். பிள்ளை, நீ அதை எழுதினாயோ, எனக்காக விட்டாயோ என்று பார்க்க என்னால் முடியாது. அந்த இடத்திலிருந்து வாசி, பிள்ளை. எனக்குக் கேட்கும்படி உரத்து வாசி.