கால் வைத்த ரயில்

“ரயிலுக்கு எங்கனா காலு இருக்குமாடி? எருமைய வரைஞ்சிட்டு ரயிலுன்றியே.”

சித்தப்பா அன்று சொன்னது, இன்று காலை திருப்பதியில் எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு படத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. அது ஆரம்பகால நீராவி இன்ஜின். அதன் பின்னால் இரண்டு இரும்புக் கால்கள். வழவழப்பான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும் என்று பயந்து, தரையை உதைத்துத் தள்ளக் கால் வைத்திருக்கிறார்கள்.

சின்ன வயதில் எனக்கும் அதே பயம்தான். புத்தூர் ரயில்வே கேட்டில் நைனாவோடு நின்றபோது தண்டவாளத்தைத் தொட்டேன். வெயிலில் சுட்டது, எண்ணெய் தடவியதுபோல வழுக்கியது. கார்வேட்டிநகரம் திரும்பியதும் அடுப்புக்கரியால் வீட்டுச் சுவரில் ரயிலை வரைந்து, கால்களும் போட்டேன்.

பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த நைனா, ஈர வாசனை வீசும் சுவரில் அந்த ரயிலை மட்டும் விட்டுச் சுற்றி அடித்தார்.

“ஏண்ணா அத்த வுட்ட?” என்றார் சித்தப்பா.

“நம்ம வூட்ல பள்ளிக்கூடம் போன மொத ஆளு போட்ட படம்டா. இருந்துட்டுப் போவுது.”

தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காது என்று பிறகு படித்தேன். ஆனால் எங்கள் சேற்று வயலில் சக்கரம் புதைகிறது. இன்று மதியமே கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு, காலால் நடந்து களையெடுக்கும் இயந்திரம் என்று எழுதிக் கொடுத்தேன். ரேணிகுண்டா பட்டறையில் முதல் காலுக்கு இரும்பு வெட்டச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏறினேன்.