வெட்டிய கால்

"தோலைத் தொடாம இருக்கத்தானே உன்னைப் படிக்க வச்சோம்? அங்க போயும் அதே தோல்தானா?"

அமெரிக்காவின் பிளானோ நகரத்தில் எனக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் அப்பா ஃபோனில் கேட்டது இது. அவர் ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் ஈரத் தோல் சுமந்தவர். சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ வாங்கியபோது, இனி நான் ஏசி அறையில் உட்கார்ந்து தோலைச் சோதிப்பவள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். நானோ கல்யாணமாகி டெக்ஸஸ் வந்து, வொர்க் பெர்மிட் கிடைத்ததும், தோல் விரிப்புகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்துவிட்டேன்.

பட்டறை ஒரு இந்திய மளிகைக் கடைக்குப் பின்புறம். முதலாளி மெக்சிகோ வம்சாவளிப் பெண், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். சேர்ந்த முதல் வாரமே ஒன்று புரிந்தது. எங்கள் ஊரில் தோல் வந்ததும் சுண்ணாம்பில் போட்டு முடியை எடுத்துவிடுவோம். இங்கே அந்த முடியைக் காப்பாற்றுவதுதான் வேலையே.

இரண்டாம் மாதம் ஒரு பசுத் தோல் வந்தது, பழுப்பும் வெள்ளையும். நாய்க்குட்டி ஓரத்தைக் கடித்ததில் அடித்துணி கிழிந்து தொங்கியது. முதலாளி வெளியே போயிருந்தார். தோலைக் கவிழ்த்துப் போட்டு அடித்துணியை உரித்தேன். கத்தி கையில் இருந்தது. டேனரியில் கால், கழுத்துத் தொங்கல் எல்லாம் கழிவு. ஓரத்தை வெட்டி நேராக்கிவிட்டுத்தான் மறுவேலை. முன்னங்கால் ஒன்றை ஒரு சாண் அளவுக்கு வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். சுத்தமாகச் செய்கிறோம் என்ற திருப்தி வேறு.

முதலாளி வந்து கூடையைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தூசி தட்டினார். கால் இல்லாவிட்டால் இது வெறும் பாய் என்றார். அப்புறம்தான் சொன்னார், வாடிக்கையாளர் சிறுமியாக இருந்தபோது தன் கையால் வளர்த்த முதல் பசு அது என்று. அதற்குப் பதில் வேறொரு தோலை எங்கே தேடுவது?

என் எதிரிலேயே அந்த அம்மாவுக்கு ஃபோன் செய்தார். "நாங்கள் தவறாக வெட்டிவிட்டோம், சேர்த்துத் தருகிறோம்" என்றார். நாங்கள் என்றுதான் சொன்னார். பிறகு ஊசியை என்னிடம் நீட்டினார். அவரே தைப்பார் என்று நினைத்திருந்தேன். வெட்டின கைக்குத்தான் வெட்டின இடம் தெரியுமாம்.

இரண்டு நாள் ஆனது. முடியைச் சீப்பால் பிரித்துக் கிளிப் போட்டு, அடிப்பக்கத்திலிருந்து தோலின் பாதிக் கனத்தை மட்டும் ஊசியில் வாங்கித் தைக்க வேண்டும். நூல் மேலே எட்டிப் பார்த்தால் பிரிக்க வேண்டும். மூன்று முறை பிரித்தேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். மேடு தட்டினால் இல்லை என்று தலையை ஆட்டுவார். அந்தக் கையைப் போல ஒரு கை எனக்கு வாய்க்க வேண்டும் என்று அப்போது ஆசைப்பட்டேன். கடைசியில் தையலுக்கு அடியில் மெல்லிய தோல் பட்டை ஒட்டி, அடித்துணிக்காகக் கெட்டியான புது ஃபெல்ட் துணியை அளவாக வெட்டினோம்.

துணியை ஒட்டும் முன் பழுது பார்த்தவர் தோலின் உட்புறத்தில் பெயர் எழுத வேண்டும். அது எங்கள் பட்டறையின் வழக்கம். இந்த நாட்டுக் காகிதங்களில் எல்லாம் கணவர் பெயர்தான் என் பெயருக்குப் பின்னால் வருகிறது. தோலில் மட்டும், ரேஷன் கார்டில் இருப்பது போல, அப்பாவின் இன்ஷியலை முன்னால் போட்டு எழுதினேன்.

வாடிக்கையாளர் வந்து முழங்காலிட்டு ஒவ்வொரு காலாகத் தடவினார். எந்தக் காலிலும் கை தடுக்கி நிற்கவில்லை. சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

தைத்து முடித்ததும் எடுத்து வைத்திருந்த தோலின் படத்தை அப்பாவுக்கு அனுப்பி, நான் வெட்டிச் சேர்த்தது எந்தக் கால் என்று கேட்டேன். வீடியோ காலில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"வலது காலுதானே?"

"இல்லப்பா, இடது."

"அடிப்பாவி" என்றார். பிறகு, "அடுத்து என்ன தோலு?" என்றார்.

வரிக்குதிரை. நடுமுதுகில் கிழிசல், ஒட்டு போட்டால் கோடுகள் அத்தனையும் பொருந்தியாக வேண்டும். இதை நான் செய்கிறேன் என்று முதலாளியிடம் காலையிலேயே கேட்டு வாங்கி, என் மேசையில் விரித்து, முதல் கோட்டுக்குச் சாக்பீஸ் அடையாளம் போட்டிருந்தேன். கேமராவைத் திருப்பி அவருக்குக் காட்டினேன்.