தொலைபேசிக் கடையில் ஆடிய ஆட்டம்

சண்டை ஓய்ந்திருந்த காலம். நான் வவுனியாவில் இருந்தேன். கனடாவில் இருக்கும் என் மகள் ஞாயிறுதோறும் ஊர்த் தொலைபேசிக் கடைக்கு அழைப்பெடுப்பாள்; நான் அங்கே போய்ப் பேசுவேன்.

"சாப்பிட்டியளோம்மா?"

"ஓம். அங்க குளிரோ?"

"ஓம்."

அதற்குமேல் எங்களுக்குப் பேச்சு ஓடாது. ஒருநாள், சினிமாப் பாட்டுக்கு ஆடி உடற்பயிற்சி செய்யும் வகுப்புக்குப் போவதாகச் சொன்னாள். எங்கள் ஊரிலும் பெண்களுக்கு அப்படியொரு வகுப்பு தொடங்கியிருந்தது. அவளோடு கதைக்க ஏதாவது வேண்டும் என்றே நானும் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே வந்திருந்த இளம் பெட்டைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஆச்சி, இடுப்பு கவனம்!"

"முதல் உன்ரை இடுப்பை வளை பிள்ளை," என்று சொல்லி முன்வரிசையிலேயே நின்றேன்.

அடுத்த ஞாயிறு மகளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"நீங்களோ ஆடுறியள்? பொய்!"

"பொய்யோ? வலக்காலை முன்னுக்கு வை. கையைத் தட்டு. இப்ப சுத்து."

கடைக்காரத் தம்பி பார்த்துக்கொண்டிருக்க, ரிசீவரைக் காதில் பிடித்தபடி நான் ஆடினேன்.

"பொறுங்கோம்மா, நானும் ஆடுறன்."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு டொக், டொக் என்று அவளுடைய காலடிகள். எங்கள் சீமெந்து நிலத்தில் கால் அப்படிச் சத்தம் போடாது. அவள் கனடா போய் எத்தனையோ வருடங்கள். அவள் வீட்டுத் தரை பலகை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.