கடல் முதலா, அரண்மனை முதலா

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுத மட்டும்தான் அது பயன்பட்டது. மற்றபடி எல்லாருக்கும் அவர் ரசமட்டம். முப்பது வருஷமாகத் தரைக்குக் கல் பதிக்கிற வேலை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள், இவர் தரை சமமா என்று பார்க்கிற ஒரு சாண் நீள ரசமட்டத்தை வைத்திருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் குனிந்து தரையை ஒரு பார்வை பார்த்துவிடுவார்.

"யாரு போட்டது? அந்த மூலையில தண்ணி நிக்குமே!"

வீட்டுக்காரம்மா முகம் சுண்டிப்போகும். கூட வந்த மனைவிக்கு மானம் போகும்.

"போற இடத்துல வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?"

"வாய் சும்மாதான் இருக்கு. கண்ணுதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

அந்தக் கண்ணுக்குத்தான் கேடு வந்தது. வேறு எதற்காவது வந்திருக்கக் கூடாதா? காலுக்கு வந்திருந்தால் ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டு நடந்திருப்பார் மனுஷன்.

மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகச் சட்டைக் கழுத்துப்பட்டி தைத்தவள். அங்கே இருக்கிற பெண்களுக்கு அவள் காலர் அக்கா. ஒரு நாளைக்கு முன்னூறு கழுத்து. கனவில்கூட தலை இல்லாத சட்டைகள்தான் வரிசையில் வந்து நிற்கும் என்று சொல்லிச் சிரிப்பாள். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருக்கும் எண்ணி இரண்டு ஆசைகள். அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

அவருடைய ஆசை அரண்மனைத் தரை. ரயிலில் ஒன்பது மணி நேரம் போனால் ஒரு பழைய ஊர். அங்கே மூன்று அரண்மனை, ஒரு அருங்காட்சியகம். காலண்டரில் வந்த ஒரு படத்தைக் கத்தரித்து வைத்திருந்தார். கறுப்பும் வெள்ளையுமாக நட்சத்திரம் நட்சத்திரமாகக் கல் பதித்த கூடம். "எல்லாரும் உள்ள போய் அண்ணாந்து பாப்பான். முட்டாப் பசங்க. கீழ பாருங்கடா! முன்னூறு வருஷம் ஆச்சு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல ஊசி போகாது. எவன் போட்டானோ, அவன் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்."

அவளுடைய ஆசை கடல். ஐம்பத்தொரு வயதாகியும் அவள் கடலைப் பார்த்ததில்லை. சிரிக்காதீர்கள், அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர் மட்டும் கடற்கரை ஓட்டல்களுக்குத் தரை போடப் போய் நாலைந்து தடவை பார்த்திருந்தார். திரும்பி வந்ததும் "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்பாள். "தண்ணிதான். நிறைய இருந்துச்சு" என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கண் டாக்டர் நல்ல மனிதர், பேச்சில்தான் நெளிவு சுளிவு கிடையாது. "நரம்பு காய்ஞ்சுக்கிட்டே வருது. ஓரத்துல இருந்து மறைஞ்சு நடுவுக்கு வரும். ஆறு மாசம்னு வச்சுக்குங்க. பாக்க வேண்டியதெல்லாம் பாத்துடுங்க." கடை அடைக்கப் போகிறோம், வாங்குவதை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுபோலச் சொன்னார்.

பஸ்ஸில் அவள் அழவில்லை. வீட்டுக் கதவைத் திறக்கும்போதே முடிவு பண்ணிவிட்டாள். ஏழு நாள். அரண்மனை நாலு நாள், அங்கிருந்து மூன்று மணி நேரப் பஸ்ஸில் கடற்கரை, அங்கே மூன்று நாள்.

அடுத்த வாரம் லீவு கேட்கப் போனாள். மேனேஜர் தடுக்கவில்லை. "தாராளமா எடுத்துக்கோம்மா. ஆனா ஒண்ணு, சூப்பர்வைசர் இடத்தை இந்த சீசனுக்கு நிரப்பியாகணும். நீ இல்லன்னா அடுத்தவளுக்குத்தான் போகும். நாலு மாசம் பொறுத்தா சீட்டும் உனக்கு, லீவும் உனக்கு."

பத்தொன்பது வருஷம் கழுத்து தைத்தவளுக்கு அந்த நாற்காலி ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆறில் நாலு போனால் இரண்டு. இரண்டு மாசம் மிச்சம் இருக்கிறதே! வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னாள். அவரும் "போய் உக்காரு. தரை எங்கயும் எழுந்து ஓடிடாது" என்றுதான் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதும் அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. அந்த நாலு மாசத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரிகிறது.

பெரிய சார்ட் பேப்பர் ஒன்று வாங்கி, தடித்த பேனாவால் ஏழு நாளையும் கொட்டை எழுத்தில் எழுதி பீரோ கதவில் ஒட்டினாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. எதை முதலில் பார்ப்பது என்பதுதான் சண்டை.

"கடலை முதல்ல போடு" என்பார்.

"அரண்மனைதான் முதல்ல. உங்க கண்ணு இருக்கற இருப்புக்கு ஒருநாள் முந்தினாலும் லாபம்தான். கடலுக்குக் கண்ணு எதுக்கு? காதால கேக்கலாம், காலை நனைக்கலாம்."

"அடி மக்கு. கடலை யாரு பாக்கப் போறா? அது உப்புத் தண்ணி. நீ முதல் தடவை அதைப் பாக்கறப்போ உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் பாக்கணும். அதுக்குத்தான் சொல்றேன்."

"ஆமா, என் மூஞ்சியில நட்சத்திரக் கல்லு பதிச்சிருக்கு பாருங்க!"

பதிலுக்குப் பதில் பேசினாலும் அந்தப் பேச்சு அவளுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் இந்த மனுஷன் சொன்ன ஒரே ஆசை வார்த்தை அதுதான். தையல் மிஷின்களுக்கு நடுவே நடக்கும்போதெல்லாம் அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

அவரும் அந்தப் பிரயாணத்தில் அவ்வளவு ஆசையாக இருந்தார். தினமும் அவள் வேலையிலிருந்து வந்ததும், "சார்ட்டைப் படி, கேப்போம்" என்பார். "நீங்களே படிங்களேன்." "நீ படிச்சாத்தான் கிளம்பற மாதிரி இருக்கு." அவளும் ஸ்கூல் பிள்ளை மாதிரி முதல் நாள், இரண்டாம் நாள் என்று கடைசிவரை வாசிப்பாள். கண்ணைப் பற்றிக் கேட்டால், "கொஞ்சம் மங்கல்தான், பரவாயில்ல" என்பார். வீட்டுக்குள் எதிலும் இடித்துக்கொள்ளாமல்தான் நடந்தார். நடக்காமல் என்ன? ஒவ்வொரு கல்லாக அவரே பதித்த தரை அது. எந்தக் கல் எந்தச் சுவருக்குப் போகும் என்று அவர் உள்ளங்காலுக்குத் தெரியும். இதெல்லாம் அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

சீசன் முடிந்தது. லீவு கிடைத்தது. ரயில் டிக்கெட்டும் போட்டாயிற்று. டிக்கெட் வந்த நாளிலிருந்து, "இனி எனக்கே மனப்பாடம்" என்று அவர் சார்ட்டைப் படிக்கச் சொல்வதை விட்டிருந்தார். ரயில் போய் நிற்கிற நேரத்துக்கே ஸ்டேஷன் வாசலில் கடற்கரைப் பஸ் இருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரு யோசனை. வியாழக்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில் பழைய சார்ட்டை உரித்தெடுத்துவிட்டுப் புதுசு ஒட்டினாள். முதல் மூன்று நாள் கடல், அப்புறம் அரண்மனை. மனுஷன் ஆசைப்பட்டுக் கேட்டார், என் மூஞ்சியையே முதலில் பார்த்துத் தொலைக்கட்டும். அவர் வந்து பார்த்துவிட்டு என்ன சொல்வார் என்று அன்றைக்கெல்லாம் காத்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. "படிக்கட்டுமா?" என்று இவளாகக் கேட்கவும் இல்லை, கேட்டால் குட்டு உடைந்துவிடுமே. அவராகப் பார்க்கட்டும். வெள்ளி போயிற்று, சனி போயிற்று. வேண்டுமென்றே அழிச்சாட்டியம் பண்ணுகிறார், ஜெயித்துவிட்ட திமிர் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியும் அவள் புருஷனும் வழியனுப்புகிற சாக்கில் டீ குடிக்க வந்தார்கள். தங்கச்சி புருஷனுக்கு நாக்குக்கும் மூளைக்கும் நடுவில் கதவே கிடையாது.

"எதுக்குண்ணே இவ்வளவு லேட்டு? நாலு மாசம் முன்னாடியே போயிருக்கலாம்ல. கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்ங்கற மாதிரி..."

தங்கச்சி அவன் தொடையில் கிள்ளிய கிள்ளில் டீ தளும்பித் தட்டில் கொட்டியது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"அட போப்பா! எனக்கா கண்ணு கெட்டுப்போச்சு? வா, காட்டறேன்."

எட்டு அடி நடந்தார். பீரோவுக்கு எதிரில் மிகச் சரியாக நின்றார். முதல் வரிக்கு நேராக ஆள்காட்டி விரலை வைத்தார்.

"இங்க பாரு. முதல் நாள், பெரிய அரண்மனை, நட்சத்திரக் கூடம்."

விரல், கொட்டை எழுத்தில் 'கடல்' என்று எழுதியிருந்த இடத்தில் இருந்தது.

"ரெண்டாம் நாள், சின்ன அரண்மனை. மூணாம் நாள், அருங்காட்சியகம்..." விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. கடல், கடல் என்று எழுதியிருந்த வரிகளை எல்லாம் அரண்மனையாகப் படித்தார். "அஞ்சு, ஆறு, ஏழு கடல். எங்க வீட்டம்மாவுக்காக. எப்படி?"

"மாமா, அதுல வந்து..." என்று தங்கச்சி வாயெடுத்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். அவள் புருஷன் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தான்.

"பிரமாதம் மாமா" என்றாள் தங்கச்சி.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, சார்ட்ல முதல் நாள் என்ன எழுதியிருக்கேன்?"

"விளையாடறியா? இப்பதானே படிச்சேன். அரண்மனை."

"பக்கத்துல போய் இன்னொரு தடவை படிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாத்திட்டியா?"

"வியாழக்கிழமையே மாத்திட்டேன்."

"கடல்தானே முதல்ல? பாத்தியா, கடைசியில நான்தான் ஜெயிச்சேன்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியில் கோணிக்கொண்டது.

"முழுசாவா போயிடுச்சு?"

"வெளிச்சம் தெரியுது. நீ ஜன்னல்கிட்ட நின்னா யாரோ நிக்கறாங்கன்னு தெரியுது. அவ்வளவுதான்."

"ஏங்க என்கிட்ட சொல்லல? நான் யாரு உங்களுக்கு?" அவர் தோளில் மாறி மாறி அடித்தாள். அவர் தடுக்கவில்லை.

"சொன்னா டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு மூலையில உக்காந்துக்குவ. உன்னை எனக்குத் தெரியாதா? கடலாவது பாரு நீ."

அவளுக்குக் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருந்தது. கேட்காமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தாள், முடியவில்லை.

"எப்ப இருந்து?"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"டாக்டரைப் பாத்துட்டு வந்தோம்ல, அந்த வாரமே போயிடுச்சு."

"அந்த வாரமேவா?"

"அந்த வாரமேதான். நீ லீவு கேக்கப் போனியே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. அன்னிக்கே என்னைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடியிருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. உன் லீவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, கேட்டியா?"

அவருக்கு ஒழுங்காக ஒரு பொய் சொல்லத் தெரியாது. லீவு வேண்டாம் என்று சொல்லி மூன்று வாரம் கழித்து அவளுக்கு சூப்பர்வைசர் பேட்ஜ் கொடுத்தார்கள். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். அதில் எறும்பு சைஸில் எழுத்து. வீட்டுக்கு எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் போய்த் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர் வீடு அதிரச் சிரித்தார். "ஏய், உன்னை ஏமாத்திட்டாங்கடி! சூப்பவைசர்னு போட்டிருக்கான், நடுவுல 'ர்'ரைக் காணோம்!" மேனேஜர் பார்க்காத பிழை, அவளே பார்க்காத பிழை. மறுநாளே வேறு பேட்ஜ் மாற்றிக்கொண்டாள்.

அந்தக் கண் அன்றைக்கு அரண்மனையில் இருந்திருக்க வேண்டியது. ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்து, எவனோ முன்னூறு வருஷத்துக்கு முன்னால் செய்த வேலையில் குறை கண்டுபிடித்து, காவல்காரனிடம் திட்டு வாங்கியிருக்க வேண்டியது. அவள் நாற்காலிக்கு ஆசைப்பட்டு அந்தக் கண்ணுக்குப் பேட்ஜைக் காட்டினாள்.

பேட்ஜைப் படிச்சீங்களே, என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அவர் தவித்துப்போவார். இன்னொரு பொய் தேடுவார், அதுவும் நிற்காது. அவள் அதை விழுங்கினாள்.

"அப்ப என் தப்பு இல்லதானே?" என்று கேட்டாள்.

"உன் தப்பு எங்கடி இருந்து வரும், பைத்தியம்?"

கையை நீட்டி அவள் முகத்தைத் தேடினார். முதலில் காது தட்டுப்பட்டது, அப்புறம் கன்னம். அது நனைந்திருப்பதைக் கண்டுபிடித்து உள்ளங்கையால் துடைத்தார். தரையில் சிந்திய சிமெண்டுப் பாலை ஒற்றியெடுக்கிற மாதிரி அழுத்தாமல் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது.

"இல்லதானே?"

"இல்லம்மா."

"நிஜமா சொல்லுங்க. இல்லதானே?"

"இல்லவே இல்ல."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. அவள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் சலிக்காமல் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.